லடாக் பனி ஸ்தூபிகள்: குழாய், காவல், ஊர் இளைஞர்கள்

லடாக்கின் உழவருக்குத் தண்ணீர் இல்லாமல் போவது விதைப்பு மாதத்தில். ஏப்ரல் பாதியிலிருந்து மே கடைசிக்குள் வாற்கோதுமைக்கும் பட்டாணிக்கும் முதல் பாய்ச்சல் கொடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் வாய்க்காலில் தரை நனையும் அளவுதான் ஓடும். மேலே 5,000 மீட்டருக்கு அப்பால் கிடக்கும் பனியாறுகள் உருகி ஓடை பெருக ஜூன் ஆகிவிடும். மழையை நம்பவும் வழியில்லை. லே நகரில் ஓராண்டு முழுக்க விழும் மழையும் பனியும் சேர்த்துச் சுமார் 100 மி.மீ.; வடகிழக்குப் பருவமழையில் சென்னையில் ஒரே நாளில் கொட்டிவிடக்கூடிய அளவு அது. ஆனால் நவம்பர் முதல் மார்ச் வரை, வயல்கள் கல்லாக உறைந்து கிடக்கும்போது, அதே ஓடைகளில் சிறிதாக ஆனால் நிற்காமல் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. யாருக்கும் பயன்படாமல் சிந்து ஆற்றில் போய்ச் சேர்கிறது.

இந்தக் குளிர்கால ஓட்டத்தைப் பிடித்து, ஏப்ரல் வரை கட்டியாக நிறுத்தி வைக்கும் வேலைக்குப் பெயர் பனி ஸ்தூபி. மேட்டிலிருந்து குழாயில் இறங்கும் நீர், நிமிர்ந்த குழாய் ஒன்றின் உச்சியில் தெளித்து, விழும்போதே கூம்பாக உறைகிறது. படங்களில் பார்ப்பவருக்கு அது ஒரு பொறியியல் அதிசயமாகத் தெரியும். கிட்டே போய்ப் பார்த்தால், பொறியியல் அதில் கால்பங்குதான். மீதி முக்கால்பங்கு, உறைபனி இரவில் இரண்டு மணிக்கு எழுந்துபோய்க் குழாயைத் தொட்டுப் பார்க்க ஊரில் ஆள் இருக்கிறதா என்பது. ஸ்தூபி நின்ற ஊர்களிலும் பாதியில் விட்ட ஊர்களிலும் வித்தியாசம் அங்கேதான் விழுகிறது. இந்த ஆய்வு அதைப் பற்றியது.

நோர்ஃபெலிலிருந்து பியாங் வரை

குளிர்கால நீரை உறைய வைத்துச் சேமிக்கும் யோசனைக்கு லடாக்கில் முன்னோடி செவாங் நோர்ஃபெல். ஊரக வளர்ச்சித் துறையில் கட்டுமானப் பொறியாளராக இருந்தவர். 1987இல் ஃபுக்சே ஊரில் முதல் செயற்கைப் பனியாற்றை அமைத்தார். ஓடையைப் பக்கவாட்டில் திருப்பி, நிழல் விழும் சரிவில் வரிசையாகத் தாழ்ந்த கல் தடுப்புகள் கட்டி, நீர் மெதுவாகப் பரவி அடுக்கடுக்காக உறையும்படி செய்தார். சிமெண்ட் அதிகம் வேண்டாம், பம்ப் வேண்டாம். 2015இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அவருடைய முறைக்கு ஓர் எல்லை உண்டு: கிடையாகப் பரவிய பனி வெயிலுக்கு முழு முதுகையும் காட்டுகிறது. அதனால் 4,000 மீட்டரை ஒட்டிய உயரமும், வடக்கு நோக்கிய நிழலும் உள்ள இடம்தான் வேண்டும். அப்படிப்பட்ட இடம் பெரும்பாலும் ஊரிலிருந்து நெடுந்தூரம் மேலே இருக்கும். குளிர்காலத்தில் அங்கே போய் மடை திருப்பிவிட்டு வருவது இளைஞர்களுக்கே பாடு.

லடாக்கின் பொறியாளரும் கல்வியாளருமான சோனம் வாங்சுக் 2013 மே மாதத்தில் ஃபே ஊர்ப் பாலத்தின் அடியில், நிழலில், உருகாமல் கிடந்த பனிக்கட்டியைப் பார்த்தார். ஏறக்குறைய 3,200 மீட்டர் உயரம்தான். மே மாத வெயில். காற்றின் வெப்பம் அல்ல, நேர் வெயிலே பனியை முதலில் தின்கிறது என்று அவருக்குப் பட்டது. ஊரையே நிழலால் மூட முடியாது. ஆனால் பனியை நிமிர்த்தி வைத்தால் வெயில் படும் பரப்பைக் குறைக்கலாம். 1988இல் அவரும் நண்பர்களும் தொடங்கிய செக்மோல் அமைப்பின் வளாகம் அதே ஃபே அருகே இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வில் தோற்ற பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, மண்சுவர் கட்டுவது, மாடு மேய்ப்பது, சூரிய அடுப்பு செய்வது எனக் கைவேலையோடு பாடம் நடத்தும் இடம் அது. 2013-14 குளிர்காலத்தில் அந்த மாணவர்கள்தான் முதல் மாதிரியைக் கட்டினார்கள். 6 மீட்டர் உயரம், சுமார் 1,50,000 லிட்டர். வளாகத்தின் வெயில் விழும் இடத்திலேயே கட்டியும் மே நடுப்பகுதி வரை நின்றது.

அடுத்த குளிர்காலத்தில் வேலை பியாங் ஊருக்கு நகர்ந்தது. பொதுமக்களிடம் இணையவழி திரட்டிய 1,25,000 டாலருக்கும் மேற்பட்ட தொகையில் 2.3 கி.மீ. குழாய் புதைக்கப்பட்டது. ஸ்தூபி 20 மீட்டரை எட்டியது, 2015 ஜூலை முதல் வாரம் வரை நின்றது, சுமார் 15 லட்சம் லிட்டர் உருகுநீர் கொடுத்தது. அந்த நீர், ஊர் மக்கள் நட்ட 5,000 மரக்கன்றுகளுக்குப் போனது.

ஏன் கூம்பு

அடிவட்ட ஆரம் 10 மீட்டர், உயரம் 20 மீட்டர் உள்ள ஒரு கூம்பை எடுத்துக்கொள்ளுங்கள். கொள்ளளவு 2,094 கன மீட்டர். உருகினால் ஏறக்குறைய 19 லட்சம் லிட்டர். வெயிலுக்கும் காற்றுக்கும் திறந்திருக்கும் பக்கப் பரப்பு 702 சதுர மீட்டர். இதே பனியை ஓர் அடி, அதாவது 30 செ.மீ. கனத்தில் தரையில் பரப்பினால் 6,980 சதுர மீட்டர் வேண்டும். பத்து மடங்கு. கூம்பு ஏன் ஜூலை வரை நிற்கிறது, பரப்பிய பனி ஏன் ஏப்ரலிலேயே காலியாகிறது என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும். கூம்பின் இன்னொரு வசதி, அதற்குத் தனி அச்சு தேவையில்லை. உச்சியிலிருந்து விழும் துளி தானாகவே கூம்பாக அடுக்கிக்கொள்கிறது. பௌத்த ஸ்தூபியின் சாயல் அப்படி வந்ததுதான். ஊர் மக்கள் அதை மரியாதையோடு அணுகுவதற்கும் அந்தச் சாயல் உதவியது.

இடமும் குழாயும்

இடம் தேர்வதில்தான் பலர் முதல் தவறைச் செய்கிறார்கள்: சாலை ஓரத்தைத் தேடுகிறார்கள். ஸ்தூபி வயலுக்கு மேலே இருக்க வேண்டும், உருகுநீர் தானாக இறங்கி ஊர்க் குளத்துக்கோ வாய்க்காலுக்கோ போக வேண்டும். லடாக்கியில் குளத்துக்கு ‘சிங்’ என்றும் வாய்க்காலுக்கு ‘யூரா’ என்றும் பெயர். தெற்கே ஒரு மலைத்தோள் இருந்து பகலில் சில மணி நேரமாவது நிழல் விழுந்தால் நல்லது. இரவில் குளிர்காற்று வந்து தேங்கும் பள்ளம் இன்னும் நல்லது. பனிச்சரிவு வரும் பாதையும் வெள்ளம் வந்த ஓடைத் தடமும் ஆகாது. தீவனப் புல் விளையும் நிலத்தின் மேலும் ஆகாது. ஜூன் வரை பனி கிடந்தால் அந்த ஆண்டு அங்கே புல் இல்லை. நிலத்துக்காரரிடம் முன்பே சொல்லி, ஊர்க்கூட்டத்தில் எழுதி வைத்துக்கொள்வது பின்னால் வரும் சண்டையைத் தவிர்க்கும்.

நீர் எடுக்கும் இடம், ஸ்தூபியின் அடியைவிடக் குறைந்தது 50-60 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். பம்ப் கிடையாது, மேட்டு நீர் தன் மட்டத்தைத் தேடி ஏறுவதுதான் முழு இயக்கமும். ஓடையில் எடுப்பதைவிட ஊற்றில் எடுப்பது நல்லது. ஊற்றுநீர் உறைநிலைக்குச் சில பாகை மேலே வெதுவெதுப்போடு வருவதால் வழியில் உறையாமல் தாக்குப்பிடிக்கும். ஓடையில் எடுத்தால், தெளிந்த இரவுகளில் நீருக்குள்ளேயே ஊசி ஊசியாகப் பனித்துகள் மிதந்து வந்து வலைக்கண்ணில் கஞ்சி போல ஒட்டும். இதற்குத் தீர்வு, கல்லால் ஒரு தொட்டி கட்டி, மேலே பலகையும் வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, தொட்டியின் அடியிலிருந்து ஓர் அடி மேலே குழாய்வாயை வைப்பது. மணல் கீழே படியும், பனித்துகள் மேலே மிதக்கும், நடுவிலிருந்து தெளிந்த நீர் போகும்.

குழாய் அளவில் கஞ்சத்தனம் செய்தால் மொத்தமும் வீண். நொடிக்கு 5 லிட்டர் கொண்டுபோக 110 மி.மீ. எச்.டி.பி.ஈ. என்ற கெட்டி பிளாஸ்டிக் குழாய் போட்டால், கிலோமீட்டருக்குச் சுமார் 5 மீட்டர் உயரத்தை உராய்வு தின்னும். 2 கி.மீ.க்கு 10 மீட்டர் போனாலும் 60இல் 50 மிச்சம். விலை குறைவு என்று 63 மி.மீ. வாங்கினால் அதே ஓட்டத்துக்குக் கிலோமீட்டருக்கு 70 மீட்டருக்கு மேல் போய்விடும். நீர் உச்சிக்கு வரவே வராது. 60 மீட்டர் நீர்மட்டம் என்றால் குழாய்க்குள் 6 பார் அழுத்தம். ஆகையால் 8 அல்லது 10 பார் தாங்கும் வகையை வாங்க வேண்டும். 4-5 அடி ஆழம் புதைக்க வேண்டும். அந்த ஆழம் பாறையால் கிடைக்காத இடங்களில் குழாயைச் சுற்றிச் சாக்கும் ஆட்டு ரோமமும் வைத்து மேலே மண்ணைக் குவிக்கிறார்கள். இறங்கி ஏறும் பள்ளங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு வடிகால் வால்வு, மேடுகளில் காற்று வெளியேற ஒரு சிறு திறப்பு. இந்த இரண்டையும் மறந்த குழாய்வழி முதல் வாரத்திலேயே வெடிக்கும் அல்லது காற்றடைத்து நிற்கும்.

குழாயைப் புதைக்கும் வேலை அக்டோபருக்குள் முடிய வேண்டும். நவம்பரில் மண் இறுகிவிட்டால் கடப்பாரை துள்ளித் திரும்பும். தன்னார்வலர்களை டிசம்பரில் வரச்சொல்லி, அதற்குப் பிறகு பள்ளம் தோண்டத் தொடங்குவது அடிக்கடி நடக்கும் தவறு.

ஸ்தூபி நிற்கும் இடத்தில் வில்லோ, பாப்லர் கழிகளால் 3-4 மீட்டர் உயரத்துக்கு ஒரு கவிகை கட்டி, மேலே கடல் பக்தார்ன் முட்செடிகளைப் போர்த்துகிறார்கள். முள்ளும் சுள்ளியும் துளி ஒட்டிக்கொள்ள ஆயிரம் கைகள். ஒரு பக்கம் ஆள் குனிந்து நுழையும் அளவு வாசல் விட வேண்டும். வால்வுகள் உள்ளே இருப்பதால் அந்த வாசல் மூடினால் எல்லாம் மூடியது போலத்தான். நடுவில் 2 அங்குல ஜிஐ குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) செங்குத்தாக நிற்கும், மூன்று திசையில் கம்பி இழுத்துக் கட்டியிருக்கும். அடியில் ‘T’ வடிவில் ஒரு இணைப்பு: ஒரு கை மேலே, இன்னொரு கை புறவழியாக வாய்க்காலுக்கு. அதற்கும் கீழே, நிமிர்ந்த குழாயைக் காலி செய்யும் வால்வு. பனி வளர்ந்து முனையை நெருங்கும்போது மேல்நோக்கி அடுத்த 3 மீட்டர் துண்டைப் பொருத்துவார்கள்.

தொண்ணூறு இரவுகள்

டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் நடுவரை என்று வைத்தால் 90 இரவுகள். இதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு கிலோ நீர் உறைய 334 கிலோஜூல் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிட வேண்டும். −20 பாகையில் இளங்காற்று வீசும் இரவில் ஒரு சதுர மீட்டர் ஈரப்பரப்பு சுமார் 400 வாட் வெப்பத்தை இழக்கும் என்று தோராயமாகக் கொள்ளலாம். தொடக்கத்தில் கவிகையின் பரப்பு 100 சதுர மீட்டர் என்றால், நொடிக்கு வெறும் 0.12 லிட்டர்தான் உறைய முடியும். 700 சதுர மீட்டராக வளர்ந்த பிறகு நொடிக்கு 0.8 லிட்டர். ஆனால் குழாயோ முதல் நாளிலிருந்தே நொடிக்கு 5 லிட்டர் கக்கத் தயாராக இருக்கிறது. முழுதும் திறந்துவிட்டால் மிச்சம் வழிந்து ஓடும், போகிற போக்கில் உறைந்ததையும் கரைத்துக்கொண்டு போகும், அடியில் பரந்து ஒரு வழுக்குத் தளத்தை உண்டாக்கும். புது ஊர்களில் ஜனவரி வந்தும் ஸ்தூபி வளரவில்லையே என்று முறையிடுவார்கள். பெரும்பாலும் காரணம் தண்ணீர் போதாமை இல்லை, தண்ணீர் மிகுதி. மேலே போகும் கையைக் கால்வாசி திறந்து, மிச்சத்தைப் புறவழியில் ஓட விட்டால் குழாயும் உறையாது, ஸ்தூபியும் கரையாது. பரப்பு கூடக்கூட வால்வை மெல்லத் திறந்துகொண்டே போக வேண்டும். தானியங்கி வால்வுகளை வைத்து, வெப்பநிலையும் காற்றும் பார்த்து நீரைத் திறந்து மூடும் சோதனைகள் லடாக்கிலும் சுவிட்சர்லாந்திலும் நடந்தன. அவை காட்டியதும் இதையே: மிகக் குறைந்த நீரில் அதே அளவு பனி கிடைக்கிறது.

தானியங்கி இல்லாத ஊரில் அந்த வேலையைக் காது செய்கிறது. தெளிப்பு நன்றாக இருக்கும்போது முள்ளின் மேல் மணல் தூவுவது போன்ற ஒரு மெல்லிய சரசரப்பு கேட்டுக்கொண்டே இருக்கும். முனை அடைக்கத் தொடங்கினால் அது ஒரு பக்கமாகச் சீறும், பிறகு சொட்டும், பிறகு நின்றுவிடும். கூடாரத்தில் படுத்திருப்பவர்கள் அந்த நிசப்தத்துக்கு எழுந்துவிடப் பழகுகிறார்கள். எழுந்தவுடன் செய்ய வேண்டியதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் புறவழியை முழுதாகத் திற. புதைகுழாயில் ஓட்டம் நிற்கக்கூடாது. அடுத்து நிமிர்ந்த குழாயின் வடிகாலைத் திற. உள்ளே நிற்கும் நீர் இறங்கட்டும். 2 அங்குலக் குழாயில் மீட்டருக்கு 2 லிட்டருக்குச் சற்று அதிகமான நீர் நிற்கும். −20இல் காற்றடித்தால் ஒன்றரை மணி நேரத்தில் அது முழுக்கட்டியாகும், முனை அதற்கு வெகு முன்பே அடைத்துவிடும். நீர் இறங்கிய பிறகு மரக்கட்டையால் குழாயைத் தட்டிக்கொண்டே மேலே கேட்க வேண்டும். வெற்றுக் குழாய் மணி போல ஒலிக்கும். பனி பிடித்த இடத்தில் தட்டும் ஓசை மழுங்கும். அந்த இடத்தில் கந்தலைச் சுற்றிச் சுடுநீரை ஊற்றுவார்கள். தீப்பந்தம் காட்டினால் இணைப்பு வாசர் போய்விடும், அப்புறம் வசந்தம் வரை ஒழுகும்.

சுடுநீர் எப்போதும் தயாராக இருக்க வேண்டும் என்பதால் கூடாரத்தில் அடுப்பு அணையக்கூடாது. அடுப்பு அணையாமல் கூடாரம் மூடியிருந்தால் கரிப்புகை விஷம். தலைவலியும் தூக்கமுமாக வருவதை உயர நோய் என்று நினைத்து இன்னும் போர்த்திப் படுத்தால் எழுந்திருக்க முடியாமல் போகலாம். கூடாரத்தின் மேலும் கீழும் கையகலத் திறப்பு கட்டாயம். தூங்குபவர் இருக்கும்போது ஒருவர் விழித்திருப்பதும் கட்டாயம்.

இப்போது ஆள் கணக்கு. மாலை 8 முதல் காலை 8 வரை மூன்று மணி நேர முறை நான்கு. ஒரு முறைக்கு இருவர். தனி ஆளை ஒருபோதும் அனுப்பக்கூடாது. ஓர் இரவுக்கு 8 பேர், 90 இரவுக்கு 720 முறை. 24 இளைஞர் இருந்தால் தலைக்கு 30 முறை, மூன்று நாளுக்கு ஒரு தடவை. இது நடக்கும். 12 பேர் என்றால் 60 முறை. பிப்ரவரியில் அவர்கள் ஓய்ந்துபோவார்கள். லடாக் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை குளிர்காலத்தில்தான் வருகிறது, அது பெரிய உதவி. ஆனால் கல்லூரிக்கு ஜம்முவுக்கும் சண்டிகருக்கும் டெல்லிக்கும் போன பிள்ளைகள் குளிர்காலம் முழுக்க ஊரில் இருப்பதில்லை. நூறு வீடு உள்ள ஊரில்கூட 24 பெயர் எழுத முடியாமல் போவது உண்டு. எழுத முடியாத ஊரில் ஸ்தூபியைத் தொடங்காமல் இருப்பதே நல்லது. டிசம்பரில் வரும் லடாக்கிப் புத்தாண்டான லோசருக்கு யாரும் காவலுக்கு வரமாட்டார்கள் என்பதையும் முதலிலேயே கணக்கில் வைத்து, அந்த நாட்களில் மேல்குழாயைக் காலி செய்துவிடுவது உத்தமம்.

வெளியூரிலிருந்து வருபவர்கள்

தன்னார்வலராகப் போக விரும்பும் இளைஞர்கள் தமிழ்நாட்டிலும் நிறைய. அவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது உடம்பைப் பற்றி. டெல்லியிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரத்தில் 3,500 மீட்டருக்குப் போய் இறங்குகிறீர்கள். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. முதல் இரண்டு நாட்கள் முழு ஓய்வு, குளிர்காலத்தில் மூன்று. அதற்குப் பிறகு படுக்கும் உயரத்தை ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. கியா போன்ற ஊர்கள் 4,000 மீட்டருக்கு மேல். லேயிலிருந்து ஜீப்பில் ஒரே நாளில் போய் அன்று இரவே காவலுக்கு நிற்பது ஆபத்து. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலோடு நெஞ்சில் கரகரப்பு கேட்டால், நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினால், அந்த நிமிடமே கீழே இறக்க வேண்டும். காலை வரை பார்ப்போம் என்ற பேச்சே கூடாது. மாத்திரைகள் மருத்துவர் சொன்னால் மட்டும்.

அடுத்தது ஈரம். தெளிப்பின் கீழ் நிற்பவர் நனைவார். பருத்திச் சட்டை நனைந்தால் உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளியும் செயற்கை இழையும்தான் அங்கே உடை. ஒருவருக்கு மூன்று ஜோடிக் கையுறை: ஒன்று கையில், ஒன்று நெஞ்சுக்குள் காய்ந்துகொண்டு, ஒன்று உலர்வாகப் பையில். உலோகக் குழாயை வெறும் கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். விரல்நுனி வெளுத்து மரத்துப்போனால் தேய்க்கக் கூடாது, அக்குளில் வைத்துச் சூடேற்ற வேண்டும்.

வேலை என்று பார்த்தால், ஒரு வாரம் மட்டும் தங்குபவரால் இரவுக் காவலில் பெரிய பயன் இல்லை. ஓசை பிடிபடவே நாலைந்து நாள் ஆகும். அவர்கள் அக்டோபரில் வந்து பள்ளம் தோண்டலாம், முட்செடி வெட்டிச் சுமக்கலாம், ஏப்ரலில் கன்று நடலாம். மூன்று வாரம் தங்க முடிந்தவரை ஊர் இளைஞர் ஒருவரோடு ஜோடி சேர்த்துக் காவலுக்கு விடலாம். வால்வில் கைவைப்பது ஊர்க்காரராகவே இருக்கட்டும். வெளியூர்க் கைகளை நம்பிக் காவல் வரிசையை எழுதிவிட்டால், அவர்கள் ஊர் திரும்பும் நாளில் ஸ்தூபி நின்றுபோகும். செக்மோல் போன்ற இடங்களில் தன்னார்வலர்களிடம் கேட்பதே பெரும்பாலும் மாணவர்களோடு உட்கார்ந்து ஆங்கிலத்தில் பேசுவதைத்தான். சாகசம் தேடி வந்தவருக்கு அது சிறிய வேலையாகத் தெரியலாம். அந்தப் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி.

ஏறுபவர்களும் தேநீர்க் கடையும்

2018-19 குளிர்காலத்தில் ஊர்களுக்கு இடையே ஸ்தூபிப் போட்டி வைத்தார்கள். அந்தப் பருவத்தில் 12 ஸ்தூபிகள் எழுந்தன, அடுத்த பருவத்தில் 25க்கு மேல். உயரமானது 100 அடியைத் தாண்டியது. 2019 போட்டியில் மிகப் பெரியது என்று முதல் பரிசு பெற்ற ஷாரா ஃபுக்சே ஸ்தூபி நான்கு ஊர்களின் வயலுக்கு நீர் கொடுத்தது. பனியேறும் வீரர்களும் அதைத் தேடி வந்தார்கள். கியா ஊர் இளைஞர் குழு தங்கள் ஸ்தூபியின் அடியில், பனிக்குகைக்குள் ஒரு தேநீர்க் கடை வைத்தது. வந்த பணத்தில் ஊர் முதியவர்களைப் புனித யாத்திரைக்கு அழைத்துப் போனார்கள்.

அந்தக் கடையைப் பற்றிக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். குளிர்காலத்தில் லடாக் ஊரில் இளைஞருக்கு வயல் வேலை இல்லை, சுற்றுலா வேலையும் இல்லை. போக வழியுள்ளவர்கள் போய்விட, மிஞ்சி இருப்பவர்களும் முதியவர்களும் ஒரே அடுப்பைச் சுற்றி மார்ச் வரை உட்கார்ந்திருப்பார்கள். அந்த மாதங்களில் இருபது பேர் சேர்ந்து செய்யும் ஒரு வேலை, அதில் ஏறிப் பார்க்கும் சாகசம், அதிலிருந்து வரும் காசு, அந்தக் காசு தாத்தா பாட்டிகளுக்கே திரும்பிப் போவது: மனநலம் என்று தனியாக ஒரு திட்டம் எழுதி இதைக் கொண்டுவர முடியாது. முதியவர்களும் சும்மா இருப்பதில்லை. எந்தப் பள்ளத்தில் குளிர் தேங்கும், எந்த ஊற்று ஜனவரியிலும் நிற்காது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

பனியேற்றத்துக்கு ஸ்தூபியில் தனி விதிகள் வேண்டும். அது பாறையில் பிடித்த அருவிப் பனி மாதிரி கிடையாது. உள்ளே வெற்றிடம் உண்டு, சுள்ளி உண்டு, காற்றுக் குமிழி உண்டு. நடுவில் நிற்கும் 2 அங்குலக் குழாய் நங்கூரம் ஆகாது, எவ்வளவு உறுதியாகத் தெரிந்தாலும் அதில் கயிறு கட்டக்கூடாது. கயிற்றை உச்சிக்கு மேலாகப் போட்டு, எதிர்ப்பக்கம் தரையில் புதைத்த இரண்டு தனித்தனி நங்கூரங்களில் கட்டுவது பாதுகாப்பு. ஏறுவது காலை 11 மணிக்குள். வெயில் பட்ட பக்கத்தில் பிற்பகலில் தொங்கு ஊசிகள் ஒடிந்து விழும். பனிக்கோடரியால் தட்டும்போது பொள்ளென்று ஒலித்தால் இறங்கிவிட வேண்டும். பிப்ரவரி கடைசியில் குகையின் கூரையிலிருந்து சொட்டத் தொடங்கியதும், அதற்குள் கடையோ ஆளோ இருக்கக் கூடாது.

பாசன ஸ்தூபியில் கூட்டத்தை ஏற்றாமல் இருப்பதும் நல்லது. காலாணி முள் கொத்திய பனி சொரசொரப்பாகி வெயிலை அதிகம் பிடிக்கும், மண் ஒட்டிய பூட்ஸ் கறுப்புப் பொட்டு வைத்துவிட்டுப் போகும், பொட்டு வைத்த இடமெல்லாம் குழி விழும். புறவழி நீரை ஒரு பாறைச் சுவரில் வழியவிட்டு, ஏறுவதற்கென்றே தனிப் பனிச்சுவர் ஆக்கினால் இரண்டும் பிழைக்கும். அங்கே பயிற்சி பெற்ற இரண்டு மூன்று ஊர் இளைஞர்கள் ஸ்தூபிக்கே மிக வேண்டியவர்கள். உச்சியில் முனை அடைத்தாலோ, அடுத்த குழாய்த் துண்டைப் பொருத்தவோ, 15 மீட்டர் பனியில் பத்திரமாக ஏறி இறங்கத் தெரிந்தவர் தேவை.

போட்டியால் வந்த கேடும் உண்டு. உயரத்துக்குப் பரிசு என்றால் இளைஞர்கள் உயரத்தைக் கட்டுகிறார்கள், வயலை மறக்கிறார்கள். ஒல்லியாக நிமிர்ந்த ஸ்தூபி படத்துக்கு நன்றாயிருக்கும். அதே உயரத்தில் அகன்றது இரண்டு மடங்கு நீர் வைத்திருக்கும். பரிசு கொடுப்பவர்கள் மே 15ஆம் தேதி வாய்க்காலில் ஓடும் நீரை ஒரு வாளியும் கைக்கடிகாரமும் வைத்து அளந்து கொடுத்தால் போதும்.

தண்ணீர்க் கணக்கு

19 லட்சம் லிட்டர் என்று கேட்கப் பெரியது. ஓர் எக்டேருக்கு 5 செ.மீ. பாய்ச்ச 5 லட்சம் லிட்டர் வேண்டும். ஆக, ஒரு நல்ல ஸ்தூபி நாலு எக்டேருக்குக்கூட ஒரு பாய்ச்சல் முழுதாகத் தராது. வறண்ட காற்றில் பனி உருகாமலே ஆவியாகும் பங்கும் வாய்க்காலில் மண் குடிக்கும் பங்கும் இதில் போகும். ஊர் வாற்கோதுமை முழுவதையும் ஒரு ஸ்தூபி காப்பாற்றும் என்று இளைஞர்களிடம் சொல்லி வேலைக்கு இழுப்பது தவறு. மே மாதத்தில் அவர்கள் ஏமாந்து நிற்பார்கள். மரக்கன்றுக்குக் கணக்கு நன்றாகப் பொருந்துகிறது. பியாங்கின் 15 லட்சம் லிட்டரை 5,000 கன்றுக்குப் பங்கிட்டால் தலைக்கு 300 லிட்டர். 75 நாளைக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர். வில்லோவும் பாப்லரும் வேர்பிடிக்க அது போதும்.

இன்னொரு கணக்கு, கீழ்க்கடை ஊரின் கணக்கு. பியாங் ஓடையின் கீழ்ப்பகுதியில் இருப்பது ஃபே. மேலே நீரைப் பிடித்து வைப்பதால் தங்கள் பங்கு குறைகிறது என்று ஃபே ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். குளிர்கால நீர் யாருக்கும் வேண்டாததுதானே என்று மேலிருந்து பார்க்கத் தோன்றும். கீழே இருப்பவருக்குக் குளிர்கால ஓட்டம் நிலத்தடியில் ஊறி ஊற்றை வளர்க்கும் நீராகவும், மார்ச்சிலேயே குளத்தில் பிடிக்கும் நீராகவும் இருக்கலாம். லடாக்கில் நீர்ப்பங்கு பரம்பரை பரம்பரையாக ஊருக்கு ஊர் பேசி முடித்தது. அதைக் காவல் காக்க ‘சுர்போன்’ என்று ஒருவர் இருக்கிறார், நம் ஏரிப் பாசனத்தில் நீரைப் பங்கிட்டுவிடும் நீர்க்கட்டி போல. இரண்டு ஊர் சுர்போன்களும் உட்கார்ந்து, எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை எவ்வளவு எடுக்கலாம் என்று பேசி முடிக்காமல் குழாய் வாங்கவே கூடாது. ஆர்வத்தில் இளைஞர்கள் தாவிப் போய்விடும் படி இதுதான். அவர்களை அந்தக் கூட்டத்துக்கு அழைத்து உட்கார வைப்பது பெரியவர்களின் பொறுப்பு.

உருகும் காலம்

மார்ச் நடுவில் இரவிலும் துளி உறையாமல் வழியத் தொடங்கும். அன்றோடு தெளிப்பை நிறுத்த வேண்டும். இன்னும் ஒரு வாரம் ஓட்டினால் உயரம் கூடும் என்ற ஆசையில் விட்டால் வெதுநீர் பனியை அரித்துச் சால் கிழித்துவிடும். புதைகுழாயை எல்லா வடிகாலும் திறந்து முழுதாகக் காலி செய்து, மேல் தொட்டியின் வாயைக் கட்டையால் அடைக்கிறார்கள். ஸ்தூபியின் அடியைச் சுற்றி ஒரு சிறு மண்வரப்பு போட்டு, உருகுநீர் ஒரே வாய் வழியாகக் குளத்துக்குப் போகச் செய்வார்கள். ஏப்ரலில் அந்த வாயில் விரல் கனத்துக்கு ஓடும், மே மாதத்தில் கை கனத்துக்கு.

அதைப் பகலில் வயலுக்கு நேராக விடுவதில்லை. பிற்பகல் உருகியது இரவு முழுக்கக் குளத்தில் சேரும். காலையில் சுர்போன் மடையைத் திறந்துவிடும்போது ஒரே வீச்சில் கடைசிக் கன்று வரை போகும். ஜூனில் பனி சரிந்து கவிகை வெளியே தெரியும்போது, குழாய்த் துண்டுகளைக் கழற்றி, மரையில் கொழுப்பு தடவி, எண் எழுதிக் கொட்டகையில் அடுக்குகிறார்கள். உடையாத கழிகளைக் காயவைக்கிறார்கள். முட்செடி அடுப்புக்குப் போகும். அடுத்த அக்டோபரில் புதிதாக வெட்ட வேண்டும்.